தலையணைக்கு அடியில் ஐநூறு ரூபாய்

காலை 9.10. குன்னூரிலிருந்து மசினகுடிக்குக் கிளம்பினோம். டாக்சிக்கு 3,500 ரூபாய், முன்பே பேசி முடித்தது. தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்த பங்களா விடுதியில் தங்கியது மூன்று நாள், நாளுக்கு 2,800 ரூபாய். இவற்றையெல்லாம் கச்சிதமாகச் சொல்லிவிடலாம். டிப்ஸ் எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்பதுதான் எந்த ஊருக்குப் போனாலும் எனக்குப் பிடிபடுவதில்லை.

பதினெட்டு வருடமாக ஒஹாயோவில் இருக்கிறேன். அங்கே சாப்பாட்டுப் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு வைக்காமல் எழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதே பழக்கத்தில் டோக்கியோவில் மேசைமேல் காசை வைத்துவிட்டு வந்தேன். பரிமாறிய பெண் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடிவந்து, குனிந்து வணங்கித் திருப்பித் தந்தார். அன்று வழிந்த அசடு இன்னும் காயவில்லை.

9.35. அருவங்காடு தாண்டியதும் ஓட்டுநர் கணேசனிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். விடுதியில் அறை கூட்டும் ராசம்மா தினமும் ஆறு மணிக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தவர். அவருக்காகத் தலையணைக்கு அடியில் ஐநூறு ரூபாய் வைத்திருக்கிறேன் என்று.

கணேசன் வேகத்தைக் குறைத்தார். "ஏனுங்க சார், கையில குடுக்கலீங்களா?"

"அமெரிக்காவுல இப்படித்தாங்க வைப்போம்."

"இங்க ரூம்ல கெடக்கற காசு கெஸ்ட் மறந்துட்டுப் போனதுங்க. ஆபீஸ்ல ஒப்படைக்கோணும். எடுத்து வெச்சுக்கிட்டா திருட்டுன்னு ஆயிருமுங்க."

உடனே மேனேஜருக்குப் போன் போட்டு, ராசம்மாவுக்கு வைத்த ஐநூறு அவருக்குக் கிடைத்ததா என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஒண்ணும் வரலீங்களே சார். இருங்க, விசாரிக்கறேன்" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. அடுத்த வளைவில் சிக்னலும் போனது.

"நீங்க கேட்டதுல இன்னும் மோசமாயிருச்சுங்க சார்" என்றார் கணேசன். "எங்கூட்டுக்காரிக்கு ஒரு ஓட்டல்ல இப்படித்தான் வேலை போச்சுங்க."

எல்லநள்ளியில் வண்டியைத் திருப்பச் சொன்னேன். ராசம்மாவுக்கு அங்கே பன்னிரண்டு வருட வேலை. எதிரே சுற்றுலா வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நான் நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

10.25. மேனேஜர் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். "பணம் தலகாணிக்கடியிலயே இருந்துச்சுங்க சார். ராசம்மா இன்னும் அந்த ரூமுக்கே போகலீங்க. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் வரவேற்பு மேசையைப் பார்த்தேன். டிபன் டப்பா, மாத்திரை அட்டை, ஒரு துண்டு, பஸ்ஸுக்கான சில்லறை எல்லாம் கொட்டிக் கிடந்தன. ராசம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜரிடமிருந்து நோட்டை வாங்கி அவர் எதிரிலேயே ராசம்மாவிடம் நீட்டினேன். "உங்களுக்குன்னுதாங்க வெச்சேன். தப்பு என்னோடது."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "போறப்ப ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமுங்க. பின்னாலதான் துணி அலசிட்டிருந்தேன்."

பிற்பகல் 2.00, மசினகுடி. கணேசனுக்கு வாடகையோடு முந்நூறு ரூபாய் சேர்த்துக் கையில் கொடுத்தேன். அவர் போன பிறகும் மனம் ஆறவில்லை. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ அறைகளில் பணம் வைத்திருக்கிறேன். எடுத்தவர் முகம் ஒன்றுகூடத் தெரியாது. காலையில் ராசம்மா துணி அலசும் சத்தம் எனக்குக் கேட்டது. நேரில் கொடுக்கக் கூச்சப்பட்டுத்தான் சொல்லாமல் கிளம்பினேன். கணேசனிடம் பழியை அமெரிக்காவின் மேல் போட்டுவிட்டேன்.