கமிட்டிக்கு வந்த காப்பிக்கொட்டை

அக்காவை ஏற்காட்டு மலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமாவுக்கு அங்கே ஒரு துண்டு காப்பித் தோட்டம். எண்பதுகளில் ஒருமுறை மேல்மலையனூர் அமாவாசைக்காக இருவரும் செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், எங்களுக்கென்று ஒரு பை காப்பிக்கொட்டையோடு. சோற்றில் கை வைத்ததும் மாமா, "இந்த வருஷத்தோட செடியெல்லாம் பிடுங்கிப் போடப் போறேன் மச்சான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தக் காலத்தில் காப்பி விவசாயி தன் விளைச்சலை இஷ்டப்பட்டவருக்கு விற்க முடியாது. வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை அரசாங்க டிப்போவில் ஒப்படைக்க வேண்டும். முன்பணம் கொஞ்சம் வரும். பாக்கி தவணை தவணையாக வரும். முழுசாக என்ன விலை கிடைத்தது என்று தெரிவதற்குள் அடுத்த பழம் பழுத்துவிடும்.

"விலையை எங்கயோ வெளிநாட்டுல பேசிக்கிறாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டவன் கிடையாது" என்றார் மாமா.

மறுநாள் என் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, விற்பனைக்கூடத்துக்கு ஏற்றினேன். செஞ்சியில் அதைக் கமிட்டி என்றால்தான் வண்டிக்காரனுக்கே தெரியும். மாமாவும் தொற்றிக்கொண்டார். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாக நின்று, காயை உடைத்து வாயில் போட்டு, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். ஊழியர் வந்து உச்ச விலையைச் சொல்லி, "இன்னாபா, குடுக்கறியா?" என்றார்.

"இந்த வெலை கட்டாதுங்க. நாளைக்குப் பாத்துக்கறேன்" என்று துண்டை விரித்து உட்கார்ந்தேன்.

மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வேணாம்னு சொல்லலாமா மச்சான்?"

"நம்ம சரக்குதானே மாமா?"

மனுஷன் விறுவிறுவென்று வெளியே போனார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார், கக்கத்தில் அந்தக் காப்பிக்கொட்டைப் பை. என் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துக் கொட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு மானம் போனது.

ஒரு வியாபாரி பழக்கதோஷத்தில் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இன்னாயா இது, கல்லு மாரி இருக்குது?" விஷயம் தெரிந்ததும் கமிட்டியே கூடிவிட்டது. ஊழியர், "இதெல்லாம் இங்க எடுக்கறதில்லபா, டென்ஷன் பண்ணாத" என்றார். அவருக்கும் சிரிப்பு. காலையில் காப்பி குடிக்காமல் கடை திறக்காத பாய் ஒருவர் மட்டும் கொட்டையை அள்ளி முகர்ந்தார். கடைத்தெருவில் காப்பிப்பொடி விற்கிற விலையையே சொன்னார். டிப்போ விலையெல்லாம் அதன் கிட்டேகூட வராது.

"இன்னா மலைக்காரரே, குடுக்கறீங்களா?"

மாமா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கட்டாதுங்க!"

கூடமே அதிரச் சிரித்தது. பாய்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். மாமா இரண்டு கை நிறைய அள்ளி அவர் துண்டில் சும்மாவே போட்டார். மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரிய ஜமீன்தார் மாதிரி, "வறுத்து அரை" என்று அக்காவிடம் நீட்டினார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை.

செடியைப் பிடுங்கவில்லை. அடுத்த ஆடிக்கு வந்த அக்கா சொன்னாள்: டிப்போவில் மூட்டையை இறக்கியதும், யாராவது கேட்பார்களா என்று மாமா கொஞ்ச நேரம் நிற்கிறாராம். யாரும் கேட்பதில்லை. அப்புறம் அவரே, "இன்னாபா, குடுக்கறியா?" என்று செஞ்சிப் பேச்சில் தன்னைக் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடுகிறாராம்.