பதினொரு பாடலும் அறுபது நிமிடமும்

1. முதல் நாள்

எங்கள் நாடகத்தின் இறுதி மூன்று நிமிடங்களை முதல் நாள் எவரும் காணவில்லை. அதற்குக் காரணம் மேடை நிர்வாகியாகிய நானே.

வெஸ்ட் வின்ட்சரில் இயங்கும் எங்கள் சிறு குழு, இக்கால ருமேனிய நாடகமொன்றைத் தமிழாக்கி, மேடைக்கு மேலே ஓடும் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளான சர்டைட்டிலுடன், அருகிலுள்ள நகரின் ஃபிரிஞ்ச் நாடக விழாவில் மூன்று பிற்பகல்கள் நடத்த ஒப்புக்கொண்டிருந்தது. ஒரே அரங்கில் நாள் முழுதும் குழுக்கள் மாறிக்கொண்டேயிருக்கும் விழா அது. எங்களுக்கு அறுபது நிமிடம். அது முடிந்ததும் அரங்கின் டெக்னீஷியன் டேனா விளக்கை அணைத்துவிடுவார்.

மகள் இத்தாலியில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குச் சென்றுவிட, ஊரில் தனித்திருக்கும் தாயின் கதை அது. நான்கு நிமிடக் கடைசிக் காட்சியில் வசனம் இல்லை. செல்பேசியைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்து, திரையில் தெரியும் மகளுக்கு எதிரே அமர்ந்து தாய் சூப் அருந்துகிறாள். முடிவில் மகளுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். இக்காட்சியைக் குறைக்கக் கூடாது என்பதே நாடகாசிரியை இலியானா விதித்த ஒரே நிபந்தனை.

இயக்குநர் சுபா நாடகத்தை ஐம்பத்தைந்து நிமிடத்தில் அமைத்திருந்தார். தொடக்கத்தில் இறைவணக்கமாக நான் ஒரு பாடல் பாடுவதென ஏற்பாடு. அதற்கு ஒரு நிமிடம். முதற்பாடல் முடிந்தது. நான் நிறுத்தவில்லை. பதிகம் ஒன்றைத் தொடங்கினால், ஓதுவார்க்குரிய பயனைக் கூறும் பதினோராம் பாடலாகிய திருக்கடைக்காப்பு வரை ஓதி முடிப்பது என் ஐம்பதாண்டுப் பழக்கம். கண்களை மூடியிருந்தேன். திறந்தபோது எட்டு நிமிடம் கழிந்திருந்தது. பார்வையாளர் அதையும் நாடகமென்றே எண்ணிக் கைதட்டினர்.

கடைசிக் காட்சி தொடங்கி ஒரு நிமிடத்தில் ஹெட்செட்டில் டேனாவின் குரல் வந்தது: "யூ ஆர் அட் டைம், சார்." விளக்கு அணைந்தது.

தாயாக நடித்த வசந்தா மான்மவுத் ஜங்ஷனில் பல் மருத்துவர். "மூணு மாசம் சனிக்கிழமை பேஷண்ட்ஸை எல்லாம் விட்டுட்டு ரிஹர்சல் வந்தேன் அங்கிள். அந்தத் தட்டை வைக்கத்தான். ஸ்பூனை எடுத்தேன், லைட் போயிடுச்சு."

"தப்பு என்னோடதும்மா."

"உங்க சாமிக்கு ஒரு பாட்டு பத்தாதா?"

"விடு வசந்தா," என்றார் சுபா. "இன்னிக்கு க்ளாப்ஸ் வாங்கினது அவர் ஒருத்தர்தான்."

மீண்டும் நேரம் மீறினால் மூன்றாம் நாள் காட்சி ரத்து என விழா அலுவலகம் எழுதியது. மறுநாள் காட்சிக்கு இலியானா வருவதாக இருந்தது.

2. இரண்டாம் நாள்

"பாட்டே வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றார் சுபா. "நீங்களே டிசைட் பண்ணுங்க அங்கிள்."

காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, அரங்கின் பின்புறக் கார் பார்க்கிங்கில், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே, ஒப்பனையுடன் நின்ற நடிகர்களிடையே பதினொரு பாடலையும் பாடினேன். திருநீறு கொடுத்தபோது வசந்தா, "கழுத்துல வைங்க அங்கிள். நெத்தில வெச்சா தலையில கட்டுற ஸ்கார்ஃபுக்குக் கீழ தெரியும்," என்றார்.

மேடையோரத்தில் தமிழ்ச் சங்கப் பிரமுகர் ஒருவர் இலியானாவுக்கான பொன்னாடையுடன் காத்திருந்தார். "ருமேனியாலேர்ந்து வந்திருக்காங்க. ரெண்டே நிமிஷம் சார்."

"நேத்து நானும் ஒரு நிமிஷம்னுதான் போனேன். ஷோ முடிஞ்சு லாபில போடுங்க."

"லாபில யாரு பாப்பா?"

"அந்தம்மா பாப்பாங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை, எனினும் வழிவிட்டார்.

கடைசிக் காட்சியில் வசந்தா ஒத்திகையைவிட மெதுவாகச் சூப் அருந்தினார். டேனாவின் விரல் ஸ்விட்சின்மேல் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்தொன்பதாம் நிமிடத்தில் வசந்தா எழுந்து, இரண்டாம் தட்டை எடுத்துத் துடைத்து, செல்பேசிக்கு முன் வைத்தார்.

"லைட்ஸ், கோ," என்றேன். டேனா விளக்கை அணைத்தார்.

மேடை நிர்வாகத்திற்கு வரும் இளையோருக்கு நான் கூறக்கூடியது இதுதான். குழுவின் வழிபாட்டைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதற்கான நேரத்தைக் குழு தன் பொழுதிலிருந்தே எடுக்க வேண்டும். டிக்கெட் வாங்கி அமர்ந்தவரின் அறுபது நிமிடம் நம்முடையதன்று.

மூன்றாம் நாளும் கார் பார்க்கிங்கிலேயே பாடினேன். மழை பெய்தது. பதினொன்றும் முடியும்வரை வசந்தா குடை பிடித்தார்.