பின்விளக்குச் சில்லுகள்

புனேயின் கேம்ப் பகுதியில், பெரிய வெள்ளி ஆராதனைக்கு ஆட்டோவில் போகிறேன். ஓட்டுகிற பாய்க்குப் பூர்வீகம் ஆம்பூர்.

"ஒருத்தர் பாவத்துக்கு இன்னொருத்தர் சாவுறது என்னம்மா நியாயம்?" என்று அவர் திரும்பிக் கேட்கும்போதே ஆட்டோ முன்னால் நின்ற ஸ்கூட்டரில் மோதுகிறது. பின்விளக்கு நொறுங்குகிறது. ஸ்கூட்டர்காரர் பாயின் சட்டையைப் பிடிக்கிறார். கூட்டம் சேர்கிறது.

"நான்தான் வேகமாகப் போகச் சொன்னேன்," என்று இந்தியில் பொய் சொல்கிறேன்.

பாய் என்மேல் சீறுகிறார். "என் தப்ப நீங்க எதுக்குச் சுமக்குறீங்க?"

நெஞ்சில் கைவைத்து அவரே மன்னிப்புக் கேட்கிறார். முறைத்தபடி ஸ்கூட்டர்காரர் பிடியை விடுகிறார்.

"பாத்தீங்களா? கேட்டேன், மன்னிச்சிட்டாரு. யாரும் சாகல."

நான் ஸ்கூட்டர்காரரைப் பார்க்கிறேன். யார் காலிலும் குத்திவிடாதபடி, குனிந்து சில்லுகளைப் பொறுக்குகிறார். அவர் விரலில் ரத்தம்.