கக்கூஸ் தண்ணீர் என்று நான் சொன்ன நாள்

மதுரைக்கு வெளியே, நகரத்துச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் இருபத்தாறு வருடம் வேதியியலாளராக இருந்தேன். உள்ளே வரும் தண்ணீரை ஒரு குப்பியிலும், சுத்தமாகி வெளியே போகும் தண்ணீரை இன்னொரு குப்பியிலும் பிடித்து, இரண்டையும் சோதித்து எழுதி வைக்க வேண்டும். அதுதான் வேலை. ஆய்வகத்தில் நான் ஒருத்திதான். பொறியாளர்களும் ஆபரேட்டர்களும் பம்ப் அறைப் பக்கம் சேர்ந்து சாப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடாமல் இல்லை. ஆனால் நான் போய் உட்கார்ந்ததும் அவர்கள் பேச்சு நின்றுவிடும். அதனால் என் மேசையிலேயே சாப்பிட்டுப் பழகிக்கொண்டேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது புதிதாக வந்தவர்கள் எங்கே வேலை என்று கேட்பார்கள். சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போகும். ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் செய்து கொண்டுபோன கேக்கை ஒரு அம்மா சிரித்தபடி வாங்கி, பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் கையைத்தான் அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அந்த வருடங்களில் என்னோடு மனம்விட்டுப் பேசியவர் ஒரே ஒருவர்தான். திருநெல்வேலியில் இருந்த நீர்ப் பொறியாளர் அவர். தென் மாவட்டங்களில் இதே துறையில் இருந்த சிலர் சேர்ந்து ஒரு சிறு சங்கம் வைத்திருந்தோம். அவர்தான் செயலாளர். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் செய்வார். குழாய், பம்ப், உப்பு, கிருமி என்று ஒரு மணி நேரம் பேசுவோம். சொந்த விஷயம் பேசியதில்லை. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே மறுநாள் அவரிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

யோசனை அவருடையது. சுத்தமான பிறகும் இந்தத் தண்ணீர் ஒரு ஓடையில் வீணாகப் போகிறது. மேற்கே உசிலம்பட்டி வரைக்கும் மழையை நம்பிய மானாவாரிக் காடு. குழாய் போட்டு அங்கே கொண்டுபோனால் என்ன? அதற்கு அரசாங்கத்தின் கொள்கை முடிவு வேண்டும், அரசாங்கத்தின் நிதியும் வேண்டும். அவர் கோரிக்கையை எழுதினார். சோதனை முடிவுகளை நான் தொகுத்துக் கொடுத்தேன். எத்தனை முறை திருத்தியிருப்போம் என்று நினைவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை.

"கழிவுங்கிற வார்த்தையே வரக்கூடாது மேடம். வந்தா ஃபைல் அங்கேயே படுத்துரும்."

"அது கழிவுநீர்தானே சார்? வேற எப்படி எழுதுறது?"

"மறுபயன்பாட்டு நீர்னு போடுங்க. அது பொய் இல்லையே."

பொய் இல்லைதான். அப்படியே போட்டேன்.

அவர் பல தடவை சென்னைக்கு ரயிலேறிப் போய் அலுவலக வராந்தாக்களில் காத்துக் கிடந்தார். கடைசியில் பதில் வந்தது. ஒரு கிராமத்தில் சோதனையாகச் செய்து பார்க்க அரசு நிதி தரும், ஊர் மக்கள் சம்மதித்தால்.

உசிலம்பட்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்தது. அதிகாரி ஒருவர் திட்டத்தை விளக்கினார். நானும் சங்கச் செயலாளரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்.

"இது எந்தத் தண்ணிங்க?"

"சுத்திகரிக்கப்பட்ட மறுபயன்பாட்டு நீர்," என்றார் அதிகாரி.

"அதான், எங்கிட்டிருந்து வருது?"

"நகரத்தில் இருந்து வருது."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், உட்கார்ந்தபடியே கேட்டாள்: "மாடு குடிக்கலாமா?"

அதிகாரி செயலாளரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தார். ஆனால் சொல்லாமல் விட்டால் மாடு குடித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. எழுந்துவிட்டேன்.

"மதுரையில வீடுகள்ல இருந்து வர்ற தண்ணி. குளிக்கிறது, துவைக்கிறது, கக்கூஸ் தண்ணி எல்லாம் அதுல இருக்கு. அதை நாங்க சுத்தம் பண்ணி..."

எப்படிச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். "எங்களை என்னன்னு நெனச்சு வந்தீக?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். சத்தம் போடாமல்தான் கேட்டார். கொஞ்ச நேரத்தில் பந்தல் காலியாகிவிட்டது.

திரும்பி வரும்போது ஜீப்பில் செயலாளர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "சுத்தம் பண்றதை மொதல்ல சொல்லிட்டு, பிறகு இதைச் சொல்லியிருக்கலாம் மேடம்."

அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவரிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சங்கத்திலிருந்து எல்லோருக்கும் போகும் கடிதம் மட்டும் எனக்கும் வந்தது. சனிக்கிழமை பதினொரு மணி என்பது மிக நீண்ட நேரம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வீட்டைக் கூட்டுவேன், கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டுவேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு நாள் காவலாளி ஒரு பெண்ணை ஆய்வகத்துக்கு அழைத்து வந்தார். மாடு குடிக்கலாமா என்று கேட்ட அதே பெண். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கேன்.

"அன்னைக்கு உள்ளதைச் சொன்னது நீங்கதானக்கா?"

"ஆமா."

"எங்க கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுப் போயிருது. நல்ல தண்ணிதான்னு எல்லாரும் சொல்றாக. நீங்க பாத்துச் சொல்லுங்க."

சோதித்தேன். உப்பு அதிகம். எங்கள் நிலையத்திலிருந்து வெளியே போகும் தண்ணீரில் அதைவிடக் குறைவு. சொன்னதும் அதைப் பார்க்க வேண்டும் என்றாள். கறுப்பாகக் குமிழியிடும் முதல் தொட்டியிலிருந்து கடைசித் தொட்டி வரை கூட்டிப்போய்க் காட்டினேன். முதலில் முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள், பிறகு எடுத்துவிட்டாள். கடைசித் தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டைக் குடிக்க விடாதீங்க," என்றேன். "கீரைக்கும் வேணாம். தீவனப் புல்லுக்கு விடலாம், பருத்திக்கு விடலாம்."

"சரி. என் காட்டுல கொஞ்சம் விட்டுப் பாப்போம்."

மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். வாரம் ஒரு லாரித் தண்ணீர் அவள் நிலத்துக்குப் போனது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி நடப்பேன். மண், தண்ணீர், புல், மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துவந்து சோதிப்பேன். புல் இடுப்பளவு வளர்ந்தது. ஆனால் அவளிடம் பால் வாங்கிக்கொண்டிருந்த வீடுகளில் பாதி நிறுத்திவிட்டன. அவள் நாத்தனார் வீட்டில் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். இதை அவள் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. புல் அறுத்துக்கொண்டே சொன்னாள்.

"நிறுத்திரலாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? நீங்க இந்த வேலைய நிறுத்துனீகளா?"

ஊரில் யார் கேட்டாலும் அவள் மறைக்கவில்லை. "கக்கூஸ் தண்ணிதேன். சுத்தம் பண்ணுனது. இந்தக்கா எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு." நான் பரிசோதனை முடிவுகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினேன். அடுத்த வருடம் மழை பொய்த்தது. ஊரெல்லாம் மாட்டுக்குத் தீனி இல்லாதபோது அவள் காடு மட்டும் பச்சையாக இருந்தது. பந்தலில் துண்டை உதறிக்கொண்டு எழுந்த பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரப்பில் வந்து நின்றார். "எங்க காட்டுக்கு எம்புட்டுத் தண்ணி கெடைக்கும்?" என்று கேட்டார்.

இந்தத் தண்ணீர் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அதில் கழிவுநீர் என்றே எழுதியிருந்தது. தீர்மானத்தையும் என் சோதனை முடிவுகளையும் சங்கத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. சில மாதம் கழித்து, சங்கம் அரசுக்கு அனுப்பிய புதிய கோரிக்கையின் நகல் தபாலில் வந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஊராருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும், சோதனை முடிவுகளை ஊரில் ஒட்ட வேண்டும் என்று அதில் ஒரு பத்தி சேர்ந்திருந்தது. கடிதத்தின் அடியில் செயலாளரின் கையெழுத்து. அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நானும் கூப்பிடவில்லை. இந்த முறையாவது கூப்பிட்டிருக்க வேண்டும்.

நிதி வந்தது. குழாய் பதித்தார்கள். தண்ணீர் திறந்துவிடும் நாளுக்குள் நான் ஓய்வுபெற்று மூன்று மாதம் ஆகிவிட்டது. அழைப்பு வரவில்லை. அவள்தான் போனில் சொன்னாள். பஸ் பிடித்துப் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றேன். மேடையில் எல்லோரும் பேசினார்கள். செயலாளர் இல்லை. சங்கத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவரிடம் விசாரித்தேன்.

"சாருக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு மாசமாச்சே மேடம். சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தோமே."

ஓய்வுபெற்ற அன்றே என்னைக் குரூப்பிலிருந்து எடுத்திருந்தார்கள்.

மறுநாள் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. பெயரைச் சொன்னதும், "சனிக்கிழமை மேடமா? வாங்க," என்றார். அந்த வீட்டில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது எனக்குத் தெரியாது.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. போனில் இருந்த படங்களைக் காட்டினேன். குழாய், வாய்க்கால், புல். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"நான் போன் பண்ணியிருக்கணும் சார்," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல முயன்றார். வார்த்தை வரவில்லை. பொறுத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "மண்ணுல... உப்பு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் ஏறுச்சு சார். மழை பெஞ்சதும் இறங்கிருச்சு."

தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவரால் போனில் பேச முடியாது. அதனால் மாதம் ஒருமுறை நேரில் போய்வருகிறேன். மண் சோதனை முடிவுகளைப் படித்துக் காட்டுவேன், அவர் கேட்பார். மற்ற நாட்களில் வீட்டில்தான் இருக்கிறேன்.