கசிந்தது ஹாறூனின் பக்கமல்ல

சுபஹு தொழுதுவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நிந்தவூரைச் சேர்ந்த கணித விரிவுரையாளர் ஹாறூன் வபாத்தாகிவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி மரண அறிவித்தல் சொன்னது. பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தொட்டு, "உங்கட கூட்டாளிதானே?" என்றார். ஓம் என்றேன்.

பல்கலைக்கழகத்தில் பதினாறு வருடம் ஒரே அறையில் இருந்தோம். களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடினால் எப்போது வெட்டுவது என்று வயற்காரரும் மீனவரும் வருடந்தோறும் சண்டை பிடிப்பார்கள். களப்பு நீர் கடலுக்குப் போவதைக் கணினியில் கணித்து அதற்கொரு பதில் சொல்லத்தான் தொடங்கினோம். கணக்குக்காக நீர்ப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்தோம்: அகன்ற களப்புக்கு ஹாறூனின் சதுர வலை. வளைந்து குறுகும் வாய்க்கு என் முக்கோண வலை. இரண்டையும் பொருத்தினால், ஒன்றிலிருந்து வெளியேறும் நீர் அத்தனையும் மற்றதற்குள் வரவேண்டும். எங்கள் பொருத்தில் கொஞ்சம் காணாமல் போனது.

"தண்ணி சுருங்காது மச்சான். நாமதான் எங்கயோ களவு எடுக்கிறம்" என்பான்.

கருத்தரங்கில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் அந்தக் குறையைச் சுட்டிக் கேட்டார். ஹாறூன் வாய் திறக்குமுன் நான் எழுந்து, சதுர வலை இவருடையது, இவர் கொஞ்சம் கவனக்குறைவு என்றேன். சபை சிரித்தது. எதையும் மூன்று தரம் பார்க்காமல் கைவிடாத மனிதன் அவன். அந்த வருடம் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தான். தெரிவுக் குழுவினரும் மண்டபத்தில்தான் இருந்தார்கள். பதவி கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பிழையைக் கண்டேன். முக்கோணத்தின் மூலைகளை இடஞ்சுழியாக எண்ணவேண்டும். பொருத்தின் ஓரத்தில் பதினொன்றை நான் வலஞ்சுழியாக எண்ணியிருந்தேன். அங்கே உள்ளே வந்த நீர் வெளியே போனதாகக் கணக்கானது. அப்படி எண்ணினால் பரப்பளவு சைபருக்குக் கீழே மறை எண்ணாக வந்து காட்டிக்கொடுக்கும். அந்தத் தொந்தரவு வேண்டாமென்று எல்லாவற்றையும் நேர் எண்ணாக்கும் ஒரு வரியை நிரலில் நானே முன்னர் எழுதி வைத்திருந்தேன்.

திருத்தினேன், கசிவு நின்றது. ஹாறூனிடம், உன் சதுரங்களைத்தான் சரிசெய்தேன் என்றேன். கட்டுரை என் பெயரில் மட்டும் வந்தது, நான் பேராசிரியரானேன். அவன் வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தான். நன்றாக இருந்தது.

சிறுநீரகம் பழுதாகி அவன் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். கட்டிலில் ஒரு கொப்பி. சதுரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னம் புடிபடல்ல மச்சான். எந்தச் சதுரம் எண்டு மட்டும் சொல்லு, நிம்மதியாப் போயிருவன்."

மறந்துவிட்டது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதன்பின் மூன்று மாதம் உயிரோடிருந்தான். நான் போகவில்லை.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், வழக்கப்படி அவன் தம்பி சபையைப் பார்த்து நின்றான். "எங்கட காக்கா ஆருக்கும் குறை வெச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க" என்றவனின் கண் முதல் வரிசையில் நின்ற என்னிடம் வந்து நின்றது. காக்காவின் பிழையால் கருத்தரங்கில் எனக்கு அவமானம் நேர்ந்ததாகத்தான் அந்தக் குடும்பம் இன்றும் நினைக்கிறது.

"மன்னிச்சிட்டன்" என்றேன்.

ஹாறூனை அறிந்தவர்களே, இரங்கல் கூட்டத்தில் உங்களில் இருவர் அவனை நல்ல மனிதர், கொஞ்சம் கவனக்குறைவு என்றீர்கள். அந்தச் சொல் நான் கட்டியது. இனிச் சொல்லாதீர்கள்.

அந்தப் பதினொரு முக்கோணங்களும், திருத்துமுன் இருந்தபடியே, ஒரு பழைய கோப்பில் கிடக்கின்றன. அதையும், அடக்கம் முடிந்து மையவாடி வாசலில் என் இரு கைகளையும் பிடித்து, மன்னித்ததற்காக அவன் தம்பி சொன்ன நன்றியையும்தான் நான் வைத்திருக்கிறேன்.