ஆத்தோர பிளாக்கை முழுங்கின ஃபைல் பேரு

நான் ஆறாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆளு. புரோகிராம் எழுதுறதெல்லாம் யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். இங்கிலீஷ்ல படம் இருந்தா புரியும், எழுத்து இருந்தா கொட்டாவி வரும்.

மலேசியாவுல, சிரம்பான்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில வேலை. லிங்கி பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு லோரி நிறுக்கிற புரோகிராம் எழுதினேன். தோட்டத்துல எந்தப் பகுதி, அதாவது எந்த பிளாக்குக் குலைன்னு தட்டினா எடை போட்டுச் சீட்டு அடிக்கும். நிறுக்கிற இடத்துல விண்டோஸ், தோட்டத்து ஆபீசுல லினக்ஸ். ரெண்டுலயும் பிரிண்டர் வேலை வேற மாதிரி. அதனால ஒரு ஃபைல் பேரு வால்ல 'அண்டர்ஸ்கோர் விண்டோஸ்', இன்னொண்ணுல 'அண்டர்ஸ்கோர் லினக்ஸ்'. புரோகிராமைக் கட்டுற டூலு வாலைப் பாத்தே அந்தந்த மெஷினுக்கு எடுத்துக்கும். இது தெரிஞ்ச அன்னைக்கு டிகிரி வாங்கின மாதிரி நடந்தேன்.

பிளாக்குக்கு ஒரு ஃபைல். ஃபைல் புரோகிராமுக்குள்ள போனா, அதுல எழுதியிருக்கிற பிளாக்குப் பேரு தானா லிஸ்ட்ல ஏறிக்கும். ஆத்தோரமா இருக்கிறது ஜாலான் சுங்கை பிளாக்கு, மலாய்ல ஆத்து ரோடுன்னு அர்த்தம். தோட்டத்துல எல்லாருக்கும் அது ஜே.எஸ்.தான். நானும் 'பிளாக் அண்டர்ஸ்கோர் ஜே.எஸ்.'னு வச்சேன்.

மொத நாளே தோட்டத்து மேஸ்திரி, அதான் மண்டோர், போன் அடிச்சாரு.

"டேய் தம்பி, ஜே.எஸ். பிளாக்கு எங்கடா? லிஸ்ட்லயே இல்ல. ஆறு லோரி நிக்குது, வெயில்ல குலை வேகுது!"

"இருக்குமே அண்ணே, நல்லா பாருங்க."

"நான் என்ன குருடனாடா? ஆத்தைத் தூக்கி உன் பாக்கெட்டுல போட்டுக்கிட்டியா?"

பக்கத்துல நின்ன எங்க கடை மொதலாளி, போஸ், மூஞ்சி செவந்துபோச்சு. "எழுதவே இல்ல, எழுதினேன்னு புளுகிருக்க. மத்தியானத்துக்குள்ள சரியாகல, நாளைக்கு நீ வராதலா."

நான் எழுதினது கண்ணு முன்னால கெடக்கு. பத்து தடவ கட்டினேன். ஒரு எரர் இல்ல, ஒரு முணுமுணுப்பு இல்ல. பிளாக்கு மட்டும் வரல. ஆத்திரம் தாங்காம ஃபைலோட பேர அழிச்சிட்டு 'பிளாக் சனியன்'னு தட்டிக் கட்டினேன்.

வந்துருச்சு!

அப்புறந்தான் அந்த டூலு பத்தின இங்கிலீஷ் குறிப்பக் கொட்டாவியோட படிச்சேன். அந்த டூலுக்கு ஜே.எஸ்.னாலும் ஒரு மெஷினாம், பிரவுசருக்குள்ள ஓடுற ஜாதி. வால்ல அத வச்சா, 'இது விண்டோசுக்கு இல்ல'ன்னு ஓரமா தள்ளிருமாம். தள்ளு, வேணாங்கல. தள்ளிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வாசல்ல காவல் நிக்கிற ஜாகாகூட "போ"ன்னு வாயத் தொறந்து சொல்லுவான். இது சாப்பிட்டுட்டு வாயத் தொடச்சிக்கிச்சு. வாலப் பாத்து எடுக்கும்னு தெரிஞ்சும் அதே வால மாட்டிவிட்ட எனக்கும் நாலு அறை விடணும், அது வேற.

லோரி நகந்துச்சு. போஸ் மன்னிப்பு கேக்கல. தோட்டத்துக்கு ஒரு கடுதாசி அடிச்சு நீட்டுனாரு: 'எங்கள் ஊழியர் வேலையை முடிக்காமல் விட்டுவிட்டார்.'

"சைன் போடு."

"முடிச்சேன் போஸ். பேரு தப்பு, அது என் தப்பு. முடிக்கலன்னு போட்டா கைய வெட்டுனாலும் சைன் கெடையாது."

"அப்ப வேலை வேணாமா?"

"வேணும். அதான் சொல்றேன்."

கடுதாசி மேசையிலயே கெடந்துச்சு. மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் போய் என் நாற்காலியில உக்காந்தேன். போஸ் வந்தாரு, பாத்தாரு, கடுதாசிய எடுத்து அந்த ஒரு வரிய மட்டும் 'ஃபைலுக்குப் பெயர் தவறாக வைக்கப்பட்டது'ன்னு மாத்தி அடிச்சாரு. சைன் போட்டேன். கோவம் மட்டும் இன்னும் போகல.