ஞாயிறு மட்டும் உடைந்த அட்டை

அந்த மாத்திரை அட்டை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு குமிழ் மட்டும் உடைந்திருந்தது. வடக்குப்பட்டு வாடகை அறையில், அக்காவின் தலையணைக்கு அடியில் அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த அறைத்தோழி. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைன். 2012-இல் அவளுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. மாமாவுக்கு ஓசூரில் வேலை, ஞாயிறு மட்டும் வருவார். அன்றைக்கு நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். லைன் லீடர் ஆகிவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. தீபாவளிக்குப் பிறகு உனக்குத்தான் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். அதுவரை வயிற்றில் எதுவும் தங்கக்கூடாது என்று அவளேதான் கம்பெனி நர்ஸிடம் மாத்திரை வாங்கினாள். ஒருநாள்கூட விடாமல் போட வேண்டும் என்று நர்ஸ் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

வீட்டுக்கார அம்மா சும்மா விட்டாரா? "இன்னாமா, அத்த தெனம் துன்னா கர்ப்பப்பை சுருங்கிக்கினு பூடும். அப்பால புள்ளையே தங்காது" என்று மாடிப்படியில் நிறுத்திச் சொல்லிவிட்டார். அன்றோடு அக்கா தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள்.

"அவுக வார அன்னைக்குப் போட்டாப் போதும்ட்டி. சும்மா கெடக்க நாள்ல எதுக்கு ஒடம்பச் சூடாக்கணும்?"

"ஓவர்டைம் இருக்கிற அன்னைக்கு மட்டும் சோறு தின்னா போதுமாக்கா?" என்று கத்தினேன். சிரித்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், வல்லக்கோட்டை முருகன் கோயில் கிருத்திகைக்குப் போக, தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரையை மட்டும் அவளும் மற்ற பெண்களும் வேளை தவறாமல் விழுங்குவார்கள். அதற்குச் சூடு கிடையாதாம்! கேட்டால், "அது சாமி காரியம்லா" என்பாள். தலையில் அடித்துக்கொள்வேன்.

தீபாவளிக்கு முன்பே வாந்தி ஆரம்பித்துவிட்டது. மாமியார் வந்து ஊருக்கு அழைத்துப்போனார். லீடர் தொப்பி வேறொருத்தி தலையில் ஏறியது. பஸ் ஏறும்போது அக்கா அழுதுகொண்டே, வழியனுப்ப வந்த பெண்களிடம் சொன்னாள்: "மாத்திரை போட்டும் வயித்துல தங்கிட்டுட்டி. அதெல்லாம் சும்மா." இல்லை, அவள் ஒழுங்காகப் போடவில்லை என்று நான் சொன்னதை எவளும் காதில் வாங்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் கம்பெனி பஸ்ஸில், புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி முன்சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மாத்திரையெல்லாம் வேஸ்டுடி. இங்க ஒரு அக்கா தெனமும் போட்டும் உண்டாயிட்டாங்களாம்."

தினமுமாம்!

"தெனமும் போடலம்மா. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போட்டாங்க" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று இருவரும் சிரித்தார்கள்.

வாரத்துக்கு ஒன்று மட்டும் உடைந்த அந்த அட்டையை இப்போது நான் எங்கே போய்த் தேடுவேன்?